கொக்குவில் அக்காவைப் பார்த்து வந்தேன்

தேவனாம்பட்டினம்
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். மீதியையும் போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிடா, பார்க்கலாம்டா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரை படி. உன் சிநேகிதி கொக்குவில் அக்கா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். நீ போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் எப்படிப் போவது, ஏன் தள்ளிப்போடாமல் போவது என்பது.

நான் போன கல்யாணம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்தது. மாப்பிள்ளை, அகதி முகாமிலிருந்து நடந்து வந்து என்னிடம் கணக்குப் படித்த பையன். அவன் அப்பா அம்மா ஊர் திரும்பி வீட்டைச் சரிசெய்து நன்றாக இருக்கிறார்கள். தாலி கட்டி முடிந்ததும், உன் சிநேகிதி பெயரையும் அவர் அப்பா பெயரையும் சொல்லி, கொக்குவிலில் விசாரிக்க முடியுமா என்று கேட்டேன். பெண் வீட்டாரில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே தன் ஆட்டோவிலேயே கூட்டிப்போய் வாசலில் இறக்கிவிட்டார். சுன்னாகத்துக்கும் கொக்குவிலுக்கும் கே.கே.எஸ். வீதியில் கொஞ்ச தூரம்தான்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு என் நரைமுடி மட்டும் காரணமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். "தேவனாம்பட்டினம்" என்றதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாசி மகத்துக்குக் கடற்கரையில என்ர செருப்பைத் துலைச்ச பெடியனோ?" என்று கேட்டார். நான் மறந்தே போன கதை. உனக்கு நினைவிருக்கும். பாடலீஸ்வரர் தீர்த்தவாரிக்கு வந்திருந்தபோது, சனத்துக்குள் அவர் செருப்புக்கு என்னைக் காவல் வைத்தீர்களே, அந்தக் கதைதான். உடனே உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, முதலில் கேட்டது உன்னைத்தான். "இப்பவும் அவ அப்பிடித்தான் வேகமாக் கதைக்கிறவவோ?"

அக்கா, அவருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. எதிரில் இருப்பது ஆள் என்று தெரிகிறது, யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். நீ அனுப்பிய பொங்கல் வாழ்த்தை மருமகள்தான் படித்துச் சொன்னாராம். பிள்ளைகள் இருவர் கனடாவில். "என்னை அங்க வரச் சொல்லுகினம். நான் எங்க போறது? அவவை வரச்சொல்லுங்கோ தம்பி. எனக்கு இனி வரேலாது." இதை அவர் சொன்ன மாதிரியே உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேயே மனசில் குறித்துக்கொண்டேன்.

1983 ஏப்ரலில் படிப்பு முடித்து சிதம்பரம் ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றிவிட்டோமே, அது ராமேஸ்வரம் போய், இராமானுஜம் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்து ஊர் போகிற பயணம். ஆனித் திருமஞ்சனத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். ஜூலையில் கலவரம். அப்புறம் கப்பலும் நின்றது. 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமத்து ஜனம் மொத்தமும் தென்மராட்சிப் பக்கம் கிளம்பியபோது இவரும் கைக்குழந்தையோடு மழையில் நடந்திருக்கிறார். உனக்குக் கடிதம் வராமல் போன அந்த வருஷங்கள் அவைதான். "முகவரி எழுதின கொப்பி வீட்டோட போச்சு" என்றார். சுனாமி வந்த வாரம் நம் ஊர் பெயரை ரேடியோவில் கேட்டு, தபால் நிலையத்தின் பெயரை மட்டும் எழுதி உனக்கொரு கடிதம் போட்டாரே, நம் தபால்காரர் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாரே, அது இல்லாவிட்டால் உங்கள் இருவருக்கும் தொடர்பே அறுந்திருக்கும்.

1981 ஜூன் மாதத்தைப் பற்றியும் பேசினார். யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தி அண்ணாமலை நகர் விடுதிக்கு வந்த நாளில் நீ பக்கத்திலேயே இருந்தாயாம். 97,000 புத்தகங்கள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு சைக்கிளில் போய்ப் படித்த இடம். "நான் அழுததைக் கண்டவ அவ ஒருத்திதான் தம்பி. இங்க இருக்கிற ஒருத்தருக்கும் அது தெரியாது." இதற்குமேல் நான் உன்னிடம் வாதாட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும், முழங்கால் என்பாய், பயம் என்பாய், மாமாவுக்கு யார் சமைப்பது என்பாய். ஆகவே பயணத்தை விவரமாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். வண்டி கிளம்பி நிற்க ஒன்றேகால் மணி நேரம். அதற்கு முன்னால் நம் ஊரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. தெற்கே இருக்கும் ஊருக்குப் போக வடக்கே போய் வரிசையில் நிற்கிறோமே என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மேலே ஏறிய பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது, ஏன் என்று சொல்கிறேன்.

அது ஏடிஆர் என்கிற சின்ன விமானம். இரண்டு பக்கமும் விசிறி சுற்றும். ஒரு வரிசைக்கு நாலு பேர், எழுபது எழுபத்தைந்து பேர்தான். நீ சிங்கப்பூர் போன விமானம் மாதிரி உயரமாக இருக்காது. பின்பக்கக் கதவில் நாலைந்து படி, அவ்வளவுதான். டிக்கெட் போடும்போதே சொன்னால் சக்கர நாற்காலி தருவார்கள், அதற்குக் காசு இல்லை. விசிறிக்குப் பக்கத்து வரிசையில் உட்காராதே, சத்தம் காதை அடைக்கும். பின்னால் உட்கார். போகும்போது வலது கைப் பக்கத்து ஜன்னல். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

ஏன் வலது பக்கம் என்றால், சிறகு இந்த விமானத்துக்கு ஜன்னலுக்கு மேலே இருக்கிறது, கீழே பார்க்க மறைப்பே இல்லை. மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கரை ஏறக்குறைய காலடியில் வருகிறது. அதற்குப் பிறகு கரை மேற்கே ஒதுங்கிக்கொள்ள, விமானம் நேராகத் தெற்கே கடல்மேல் போகிறது. ஏறி அரைமணி ஆவதற்குள் புதுச்சேரி தாண்டி நம் கரை. அக்கா, நம் வீடு தெரியாது, கோட்டை இடிபாடும் தெரியாது. கெடிலம் எது, உப்பனாறு எது என்றுகூட அந்தத் தூரத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. ஆனால் சிப்காட் பக்கம் எது என்று தெரிந்தது, அதற்கு வடக்கே ஒரு வெளுத்த கோடு, அதுதான் நாம் பிறந்த இடம். அதற்கப்புறம் பரங்கிப்பேட்டை, வெள்ளாறு கடலில் விழும் இடம், அடுத்தது கரும்பச்சையாகப் பிச்சாவரம். உன் சிதம்பரம் அதற்குச் சற்று உள்ளே. நான் எட்டிப் பார்த்தேன், வெயில் மங்கலில் ஒன்றும் பிடிபடவில்லை. கொள்ளிடம் கடலில் சேரும் மணல் மட்டும் பளிச்சென்று இருந்தது. அப்புறம் காரைக்கால், நாகப்பட்டினம், கோடியக்கரை. சின்ன வயதிலிருந்து கரையில் நின்று கடலைப் பார்த்தவர்கள் நாம். கடலிலிருந்து நம் கரையைப் பார்ப்பது அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் மட்டும் கிடைத்தது. எனக்கு இப்போதுதான் கிடைத்தது. உனக்கும் கிடைக்க வேண்டும்.

கோடியக்கரை மறைந்தால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர். ஆழம் குறைந்த கடல், நிறம் வெளிறி வருவது மேலிருந்தே தெரிகிறது. பெல்ட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் காங்கேசன்துறை வந்துவிட்டது. இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது செம்மண். அப்படி ஒரு சிவப்பு நம் பண்ருட்டிப் பக்கம்கூட இல்லை. ஊடே பனைமரங்கள்.

இந்த வழி ஒன்றும் புதிதில்லை. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டதே இந்தப் பாதையில்தான், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. "சீதா தேவி" என்று பெயரிட்ட டகோட்டா விமானம். கீழே ரயிலும் கப்பலும் தனி. போட் மெயிலில் ஏறினால் கடலூர், சிதம்பரம் வழியாகத் தனுஷ்கோடி, அங்கே நீராவிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு வரை ஒரே டிக்கெட் என்று தாத்தா சொல்வாரே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. பின்னால் போர் வந்து விமானமும் போனது. 2019 அக்டோபர் 17ஆம் தேதி பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் ஓடியது. நாலே மாதத்தில் கொரோனா. மறுபடி 2022 டிசம்பர் 12ஆம் தேதிதான். போன வருஷம் செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் தினமும் விடுகிறது. எத்தனை தடவை திறந்து மூடிய கதவு என்று பார். இன்றைக்குத் திறந்திருக்கிறது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஓடுபாதை நீளம் குறைவு, அதனால்தான் பெரிய விமானம் வருவதில்லை. நிலையமும் சின்னது. குடிவரவு வரிசையில் அரைமணி நின்றேன். பலகைகள் தமிழிலும் இருக்கின்றன. உனக்கு ஒரு சிரமமும் வராது. வெளியே வந்து பலாலி வீதியில் போகும்போதுதான் மனசு கனத்தது. 1990ல் அந்தச் சுற்றுவட்டாரத்து ஜனத்தை மொத்தமாக எழுப்பிவிட்டு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலம் அது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள், இன்னும் தராததும் நிறைய இருக்கிறது. வசாவிளான் பக்கம் கூரையில்லாத வீடுகள். ஒரு வீட்டுக் கூடத்துக்குள் வேம்பு மரம் வளர்ந்து சுவருக்கு மேலே நிற்கிறது. பக்கத்திலேயே வெங்காயப் பாத்தி, புதிதாகப் பூசிய வீடு, சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். நாம் சௌகரியமாக வந்து இறங்கும் இடம் இன்னொருவர் தோட்டமாக இருந்தது என்பதை மறக்க முடியவில்லை. நீயும் அங்கே போகும்போது அந்த வீடுகளைப் பார்த்துவிட்டுப் போ.

மயிலிட்டித் துறைமுகத்துக்கும் போனேன், கடற்கரைக்காரன் புத்தி. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட தடைக்காலத்திலதான் எங்களுக்கு நிம்மதி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகுகள் அவர் வலையை அறுத்துக்கொண்டு போன கதையை வரிசையாகச் சொன்னார். முப்பது வருஷம் போர் கடலுக்குள் விடவில்லை, இப்போது நீங்கள் விடவில்லை என்றார். சுருக்குமடி வலையால் நம் ஊரிலேயே அண்ணன் தம்பிக்குள் என்ன நடந்தது என்று பார்த்தவன் நான், என்ன பதில் சொல்வது? நம் மீனவர்களைப் பிடித்து வைக்கும்போது நமக்கு வரும் ஆத்திரம் நியாயம்தான். அந்த மனிதர் சொன்னதும் நியாயம்தான். இதைத் துறையில் நம் ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். 61 நாள் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்து, இப்போது விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. காலையில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். 12ஆம் தேதி ஆமதாபாத் விமான விபத்துச் செய்தி வந்தபோது நான் கொக்குவில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அவர் டிவியைப் பார்க்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நீ போன் பண்ணி அழுதாய். அந்தக் குடும்பங்களை நினைத்து எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் திரும்பி ஏறினேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏறி உட்கார்ந்ததும் கை வியர்த்தது, பக்கத்து சீட்டில் இருந்த வவுனியா அம்மா ஒருவர் திருநீறு எடுத்து நீட்டினார். உன் பயத்தை நான் பேசிப் போக்க முடியாது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து வர முடியும். வருகிறேன். டிக்கெட் இரண்டு பேருக்கும் நான் போடுகிறேன்.

திருச்சியிலிருந்தும் மார்ச் 30 முதல் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டிருக்கிறார்கள். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ரயிலில் போனால் உனக்கு அது கிட்டவும்கூட. ஆனால் போகும்போது சென்னையிலிருந்துதான் போக வேண்டும், நம் கரையை நீ பார்க்க வேண்டும் என்பதற்காக. வரும்போது வேண்டுமானால் திருச்சியில் இறங்கிக்கொள்வோம். தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து கார் வைத்துக்கொள்ளலாம், உன் முழங்காலுக்குத் திரிசூலம் ஸ்டேஷன் படிக்கட்டு வேண்டாம். வானமே வேண்டாம் என்று நீ ஒரேயடியாகச் சொன்னால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு சிவகங்கை கப்பல் இருக்கிறது, நாலு மணி நேரம். காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், உனக்கு வயிறும் ஒத்துக்காது. என் யோசனை விமானம்தான்.

மாமாவிடம் நானே பேசுகிறேன். அவர் நாவலர் பள்ளியில் படித்தவர், 1864ல் நல்லூரிலிருந்து ஆறுமுக நாவலர் வந்து சிதம்பரத்தில் தொடங்கிய பள்ளிக்கூடம் அது என்று பெருமையாகச் சொல்பவர். அந்த ஊருக்கு நீ நாலு நாள் போவதற்கு அவர் ஏன் தடை சொல்லப் போகிறார்? கொக்குவில் அக்கா இன்னொன்றும் சொன்னார். நீ தினமும் பூ வாங்கப் போகும் வழியில் இருக்கும் ஞானப்பிரகாசர் குளம், அதை வெட்டிய ஞானப்பிரகாசர் அவர்கள் பக்கத்து ஊரான திருநெல்வேலிக்காரர்தான். வீட்டுக்கு ஒரு பசு கொடு என்று போர்த்துக்கீசியர் முறை வைத்துக் கேட்டபோது, கொடுக்க மனமில்லாமல் ராவோடு ராவாகக் கடல் தாண்டி வந்தவர் என்று அங்கே சொல்கிறார்கள். கொக்குவில் அக்கா விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் அந்தக் குளத்துப் படியில் உட்கார்ந்துதான் ஊர் ஞாபகத்தை ஆற்றிக்கொள்வாராம். உனக்குக் காரணம் தெரியாமல், கால் வலிக்கிறது போல என்று நினைத்து நீயும் உட்கார்ந்திருப்பாயாம். இதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பை நீ நேரில் கேட்க வேண்டும்.

என்ன கொண்டுபோவது என்று கேட்பாய். நிறைய வேண்டாம், எடை பார்ப்பார்கள். பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ. கோயில் சம்பா சாதமும் கொத்சுவும் இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார், அதைக் கட்டிக்கொண்டு போக முடியாது, அங்கே போய் நீ கொத்சு செய்து போடு. கத்தரிக்காய் அங்கே நல்லதாகவே கிடைக்கிறது. அவர் உனக்குக் கொடுத்தனுப்பிய பனங்கட்டிக் குட்டான் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன்.

எப்போது என்பதை யோசித்துவிட்டேன். ஆனித் திருமஞ்சனத்தை விட்டு நீ வர மாட்டாய், அது முடியட்டும். ஆடி அமாவாசைக்குப் பிறகு நல்லூரில் கொடி ஏறி 25 நாள் திருவிழா. அப்போது வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஜனம் வரும், டிக்கெட் விலையும் ஏறிவிடும், அவர் வீட்டிலும் கூட்டமாக இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச முடியாது. ஆகவே ஜூலை நடுவில். நல்லூருக்கு ஒரு நாள் காலையில் சாவகாசமாகப் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம். நூலகத்துக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். திரும்பக் கட்டியது அழகாக இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன். அவர் உள்ளே போய் வருஷக்கணக்காயிற்றாம். உன்னோடு என்றால் வருகிறேன் என்றார்.

சிங்கப்பூருக்கு எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே இருக்கும். முடியும் தேதியைப் பார், போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஈடிஏ என்று ஒரு முன் அனுமதி இணையத்தில் எடுக்க வேண்டும், அதற்கு முதல் பக்கம் தேவை. மாமாவின் போனில் படம் பிடித்து இன்று ராத்திரியே எனக்கு அனுப்பு. கொக்குவில் அக்கா எண்ணையும் மாமா போனுக்கே அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது மருமகள் வேலையிலிருந்து வந்துவிடுவார். நீ பேசியதும் தேதியைச் சொல், டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி